காற்றைக் கணக்கில் சேர்க்காதவன்

நாற்பத்திரண்டு வயதில் மாலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தேன். பி.யு.சி.யில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், அந்தப் பாடத்தில் எனக்குத் தொண்ணூற்றாறு. அந்த வருடம்தான் கோலாரில் அப்பாவின் சுரங்க வேலை போனது. நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு வந்தேன். அதுமுதல் அந்தத் தொண்ணூற்றாறைக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளியிலிருந்து நாங்கள் கணக்குப் போட்ட முறை ஒன்றுதான். கொடுத்த எண்களை எழுது, சூத்திரம் எழுது, எண்களை அதில் போடு, விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. கோட்டுக்கே அரை மார்க் உண்டு என்பது எங்கள் நம்பிக்கை.

கல்லூரியின் முதல் தேர்வில் கேள்வி இது: ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். காற்று அதைத் தடுக்கிறது. ஏறும் நேரம் அதிகமா, இறங்கும் நேரம் அதிகமா? ஏன்?

ஒரு எண்கூட இல்லை. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் காலி. பக்கத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில் எண்களை நானே வழங்கினேன். பந்து ஒரு கிலோ, வேகம் இருபது. ஏற இரண்டு வினாடி, இறங்க இரண்டு வினாடி.

பூஜ்யம் வந்தது. விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். வகுப்பு கலைந்த பிறகு கூப்பிட்டார்.

“சார், இந்த இருபது எங்கிருந்து வந்துச்சு?”

“நான்தான் போட்டேன் மேடம். பாவம், காலியா இருந்துச்சு.”

“காத்து எங்க?”

“அதை நெக்லெக்ட் பண்ணிட்டேன். ஸ்கூல்ல எப்பவும் அப்படித்தானே.”

“கேள்வியே காத்தைப் பத்தித்தான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து, பெயரை நீக்கச் சொல்லி நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். தொண்ணூற்றாறு வாங்கியவனுக்கு இயற்பியல் தெரியாது என்பது எனக்கே தெரிந்துவிட்டது. இனி அந்த பெஞ்சில் எந்த முகத்தோடு உட்காருவது?

“கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னாடி போர்டுல இதுக்குப் பதில் எழுதுங்க. நம்பர் வேண்டாம்.”

சாக்பீஸோடு நின்றேன். பத்து நிமிடம் ஒன்றும் எழுதவில்லை. அவர் உதவவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வேறு வழியில்லாமல் பந்தையே நினைத்துக்கொண்டு நின்றேன். போகும் வழியெல்லாம் காற்று அதன் சக்தியைத் தின்கிறது. அப்படியானால், ஏறும்போது ஓர் உயரத்தைக் கடந்த வேகத்தில், இறங்கும்போது அதே உயரத்தைக் கடக்க முடியாது. எல்லா உயரத்திலும் அப்படித்தான். அதனால் இறங்கத்தான் நேரம் அதிகம். அதை வார்த்தைகளிலேயே எழுதினேன். போர்டில் எழுதிப் பழக்கமில்லாததால் வரிகள் மேல்நோக்கி ஏறின.

அவர் படித்துப் பார்த்து, “சரி” என்றார். கையெழுத்துப் போடாமலே விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தினார். பூஜ்யத்தை மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை.

அல்சூர் வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள்.

“இன்னாங்க, பேரை எடுத்தாச்சா?”

“இல்ல.”

“மறுபடி முட்டை வாங்கினா?”

“வாங்குவேன்னுதான் நினைக்கிறேன். நாளைக்கும் கிளாஸ் இருக்கு.”