ஆமென் சொல்லும்வரை

பியாட்றிஸுக்குப் பொறுமை கிட்டவும் வராது. ஊசிக் கிண்ணம் இடம் மாறிக் கிடந்தால் டொக்டரென்றும் பாராமல் ஏசிவிடுவாள். சண்டிலிப்பாயில் மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவரின் மகள். கலியாணம் கேட்டு வந்தவர்களை வந்த வழியே அனுப்பிவிட்டு, எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். கூட வேலைசெய்த தாதிமார் எங்களுக்கு அவள் வாய் என்றால் பயம். ஆனால் ஜெபம் என்றால் அவளும் அடங்கிவிடுவாள். அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

எழுபதுகளில், கடலுக்கு அப்பால் இந்தியாவிலிருந்த எங்கள் கூட்டு ஆஸ்பத்திரியிலிருந்து புதன்கிழமைகளில், இரு பக்கமும் பேசக்கூடிய வானொலிப் பெட்டி வழியாகப் பாடம் நடக்கும். அங்கே டொக்டர் தேவசகாயம் படிப்பிப்பார். இங்கே டொக்டர் இராசசிங்கமும் நாங்களும், கட்டிலோடு தள்ளிவந்த ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு கேட்போம். பேசுபவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை, நாங்கள் என்ன கத்தினாலும் அவருக்குக் கேட்காது. மிஷன் வழக்கப்படி முதலில் ஜெபம். தேவசகாயம் தொடங்கினால் இரண்டு தேசத்து நோயாளிகளையும் ஒருவர் விடாமல் ஆண்டவருக்கு அறிமுகம் செய்துவிட்டுத்தான் ஓய்வார்.

அந்தப் புதன் கட்டிலில் கிடந்தவள் கொழும்புத்துறைக் கமலாவதி. முதல்நாள் பெண்பிள்ளை பெற்றதும் அவளுக்கு வலிப்புக் கண்டது. வலிப்புக்கு மக்னீசியம் ஏற்றலாம், அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கிவிடும் என்று தேவசகாயம் போன பாடத்தில் சொல்லியிருந்தார். அதற்கு மாற்று மருந்தைச் சொல்ல வாயெடுத்தபோது இடிமழை இரைச்சலில் குரல் அறுந்துபோயிற்று. அந்த அரைப் பாடத்தை நம்பித்தான் இராசசிங்கம் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றாவிட்டால் வலிப்பே அவளைக் கொண்டுபோயிருக்கும். மீதியை இன்றைக்குக் கேட்கலாம் என்றிருந்தோம்.

ஜெபம் தொடங்கியது. எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்தோம். பியாட்றிஸ் கமலாவதியின் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கை துவண்டு விழுந்தபோதுதான் கண்ணைத் திறந்தாள்.

"டொக்டர்! மூச்சில்லை!"

இராசசிங்கம் மருந்தை நிறுத்தி, முகமூடியை வைத்து றப்பர்ப் பையை அமுக்கத் தொடங்கினார். "மாற்று என்னெண்டு கேளும், பியாட்றிஸ்!"

"ஆரைக் கேக்கிறது? உவர் விட்டால்தானே!" அவள் பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினாள். பெட்டிக்குள்ளே தேவசகாயம் விதவைகளுக்காக மன்றாடினார். பிறகு கடலில் பயணம் செய்வோருக்காக. கமலாவதியின் உதடு நீலம் பாரித்தது. தேன் போன்ற அந்தக் குரலை அன்று நான் வெறுத்தேன்.

"ஆமென்."

"மக்னீசியம் கூடிப்போச்சு, மூச்சு நிண்டிட்டுது. மாற்று மருந்து என்ன? கெதியாச் சொல்லுங்கோ!"

பியாட்றிஸ் பொத்தானை விட்டதும் தேவசகாயத்தின் குரல் வந்தது. "கால்சியம். நரம்பு வழியா, மெதுவா ஏத்துங்க. மூச்சைக் கைவிட்டுடாதீங்க."

கல்சியம் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. பியாட்றிஸ் எடுத்துக் கொடுக்க, இராசசிங்கம் ஏற்றினார். அவரிடமிருந்து பையை வாங்கி நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கமலாவதியின் நெஞ்சு தானாகவே எழுந்தது. பியாட்றிஸ் நிலத்தில் குந்தி வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் பிள்ளையை அணைத்துக்கொண்டு கமலாவதி பியாட்றிஸிடம் சொன்னாள்:

"எனக்கு எல்லாம் கேட்டது, மிஸ்ஸி. மூச்சு முட்டுது எண்டு சொல்ல வாய் ஏலேல்லை. இமை இடுக்காலை பாத்தன். நீங்கள் எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிஞ்சு நிண்டியள். சரி, நான் செத்துப்போனன் எண்டு நினைச்சன்."