பின்வாசலில் ஒரு கூடை

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லும் தெம்பும் எனக்கு இல்லை. 1993 நவம்பர். கிழக்குத் தாம்பரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீடு.

காலை ஐந்தரைக்கு எழுவேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுவேன். ஒரு தம்ளர் காபி. முந்தின நாள் சாதத்தில் மோர் ஊற்றி டிபன் பாக்ஸில் அடைப்பேன். கதவைப் பூட்டிவிட்டு மின்சார ரயிலில் கிண்டிக்குப் போவேன். மனைவி ஞானஜோதி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஜோதி திருநீர்மலைப் பக்கம் இருந்த ஒரு பிராணிகள் காப்பகத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்தாள். தாயில்லாத, கண் திறக்காத நாய்க்குட்டி கிடைத்தால் வண்டி நேரே எங்கள் பின்வாசலுக்குத்தான் வரும். இங்க் ஃபில்லரில் பால் கொடுப்பாள். பிறகு வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் துடைப்பாள். அந்த வயதில் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரம் போகும். துடைக்காமல் விட்டால் செத்துப்போகும். துடைக்கும்போது நாக்கால் 'ட்ச்... ட்ச்...' என்பாள். பஞ்சைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் வரிசையாகச் செருகி வைப்பாள்.

அவளுக்கு வந்தது எலிக்காய்ச்சல். கூண்டு கழுவின தண்ணீரிலிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அடக்கத்துக்குக் காப்பகம் ஒரு மாலை அனுப்பியது. கர்த்தரின் நாமத்தை உச்சரித்தபடி உறங்கினாள் என்று போதகர் பேசினார். கடைசியில் கட்டிலருகே இருந்தது நான் மட்டும்தான். அவள் சொன்னது வேறு. நான் திருத்தவில்லை.

அன்று காலை பால் காய்ச்சும்போது பின்னால் முனகல் கேட்டது. தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தேன். மழை. கூரைச் சார்ப்பின் கீழ் மூங்கில் கூடை. உள்ளே மூன்று குட்டிகள், கண் திறக்காதவை. கூடை எங்கள் சமையலறை ஸ்டூலின்மேல் இருந்தது.

ஸ்டூல் ராத்திரி உள்ளேதான் இருந்தது.

தெருமுனை பூத்திலிருந்து காப்பகத்தைக் கவனிக்கும் புஷ்பம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"டிரைவர் உங்க வீட்டுலயா வெச்சுட்டுப் போனான்? தப்பு நடந்துபோச்சு தம்பி. இங்க ஷெட்டுல முழங்கால் தண்ணி. நாளைக்கு வண்டி அனுப்பறேன். இன்னிக்கு மட்டும் பாத்துக்கங்க."

"எனக்கு ஆபீஸ் இருக்கு."

"செத்துடும் தம்பி."

"உங்களுக்காக ஒருத்தி செத்தாச்சுக்கா. இதுங்களும் சாகட்டும்."

கூடையையும் ஸ்டூலையும் உள்ளே வைத்தேன். பின்பக்கம் தாழ்ப்பாள், முன்பக்கம் பூட்டு. ரயிலைப் பிடித்தேன்.

மாலை திரும்பி வந்து, செத்திருக்கும் என்று நினைத்தே பூட்டைத் திறந்தேன்.

மூன்றும் உயிரோடு இருந்தன. வாயோரம் பால் ஈரம் காயவில்லை. கூடையில் புதுத் துணி விரித்திருந்தது.

ஜன்னல் கம்பியில் பஞ்சுகள். வரிசையாக.

பின்வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். போட்டது போட்டபடி இருந்தது. திறந்து வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுச் சரசு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஊர்லேர்ந்து யாராச்சும் வந்திருக்காங்களா சார்?"

"இல்லியே."

"பகலெல்லாம் ட்ச்சு ட்ச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. துணைக்கு ஆள் வந்துடுச்சு, இனிமேலாவது ஒழுங்கா சாப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

ஏழு பத்துக்குக் கரண்ட் போயிற்று.

டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழைச் சத்தம். டெட்டால் வாசனை...

வீட்டில் டெட்டால் இல்லை.

'ட்ச்...'

டார்ச்சை அழுத்தினேன். கண் திறக்காத மூன்று குட்டிகளும் ஒரே பக்கம் முகத்தைத் தூக்கியிருந்தன. சுவர் மூலை. அங்கே யாரும் இல்லை.

'ட்ச்... ட்ச்...'

எல்லாவற்றிலும் சிறிய குட்டி மல்லாந்தது. தானாக அல்ல... ஒரு கை புரட்டியதுபோல.

அதன் அடிவயிற்று மயிர் நனைந்தது.

"ஜோதி."

சத்தம் நின்றது.

குட்டி கத்தியது. நிறுத்தாமல் கத்தியது. காத்திருந்தேன்... யாரும் வரவில்லை. கடைசியில் நானே எழுந்து தண்ணீர் சுடவைத்தேன்.

மறுநாள் காலை வண்டி வந்தது. ஓட்டுநர் துளசிங்கம் கேட்டைத் தாண்டி வரவில்லை.

"நேத்து சாயங்காலந்தான் சார் புஷ்பம்மா சொன்னாங்க. ஒரு மாசமா ஊர்ல இருந்தேன். அக்கா எறந்துபோனது சத்தியமா எனக்குத் தெரியாது."

"சரி விடு. கூடைய எதுக்கு இங்க வெச்ச?"

"நான் வெக்கல சார்."

"பின்ன?"

"கதவத் தட்னேன். அக்காதான் தொறந்தாங்க. கூடைய கீழ வெக்கப் போனேன்... வாணாம்னாங்க. உள்ள போயி ஸ்டூல எடுத்தாந்து போட்டாங்க."

"என்ன சொல்லிப் போட்டா?"

சொன்னான்.

வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பினேன். குட்டிகள் என்னிடமே இருந்தன.

அவன் சொன்னதைத்தான் ஆஸ்பத்திரியில், கூடை எதுவும் இல்லாத அந்த அறையில், என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். ஜன்னியில் உளறுகிறாள் என்று நினைத்தேன். அதன்பின் அவள் பேசவில்லை. அடுத்த நாள் மழையில் பெட்டியைக் குழிக்குள் இறக்கினோம்.

"கீழ வெக்காதீங்க. தரை ஜில்லுனு இருக்கு."