கனகமும் குஞ்ஞப்பனும் ஒரே குடையில்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்று பையைத் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனால், பீரோக் கண்ணாடிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்று வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்!

வலப்பக்கம் செருகுகிறார். கண்ணாடியைப் பார்க்கிறார். தலையை ஆட்டுகிறார். அவிழ்க்கிறார். இடப்பக்கம் செருகுகிறார். மறுபடி பார்க்கிறார். கையில் ஒரு பென்சில் வேறு.

சவரம் செய்துகொள்ள ரசம் போன கைக்கண்ணாடியே தாராளம் என்கிற மனிதர். நாற்பத்திரண்டு வயது. நாலு ஏக்கர் நிலக்கடலை, ஒரு எருமை, ஒரு ரேடியோ... இவ்வளவுதான் உலகம். இவருக்குத் திடீரென்று பீரோக் கண்ணாடியில் என்ன வேலை?

என்னைக் கண்டதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டார். பேசாமல் போனது புதிதல்ல. அவர் என்னோடு பேச்சை நிறுத்தி அன்றோடு இருபத்து மூன்று நாள்.

காரணம் யார் என்கிறீர்கள்? நான்தான். இல்லை, இன்னும் சரியாகச் சொன்னால், வாராவாரம் நான் உங்களுக்கு எழுதுகிற இந்தப் பத்திதான்.

ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? எங்கள் தோட்டத்துக்குக் கரண்ட் வந்து, கிணற்றில் மோட்டார் வைத்து, பத்து வருஷம் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மயிலைக் காளையை விற்ற கதையை இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். கயிறு கை மாறியதும் என் வீட்டுக்காரர் சந்தைக்கு நடுவில் நின்று, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேம்பினார் என்று எழுதினேன். நீங்கள் எல்லாம் உருகிப்போய்க் கடிதம் போட்டீர்கள். காரைக்குடியிலிருந்து ஒரு அம்மாள் மயிலைக்கு ஒரு மாலையே அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் அந்த இதழ் கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊருக்கும் வருமே... அதை நான் யோசித்தேனா?

வடகரப்பதிப் பக்கம் டீக்கடையில் யாரோ அவரிடம் ஒரு துண்டை நீட்டி, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கடை முழுக்கச் சிரிப்பு. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டினால்தான் தேவலையே? அன்றையிலிருந்து இட்லி போதும் என்பதைச் சுவரிடம் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்பதை எருமையிடம் சொன்னார். எனக்கென்று ஒரு எழுத்துக்கூட மிச்சம் வைக்கவில்லை.

முதல் வாரம் நானும் முறைப்பாகத்தான் இருந்தேன். உண்மையைத்தானே எழுதினேன், இதில் என்ன குற்றம் என்று. இரண்டாவது வாரம் பயம் வந்தது. பதினான்கு வருஷத்தில் நாங்கள் போடாத சண்டையா? ஆனால் எந்தச் சண்டையும் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டியதில்லை. இது தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இந்த மனிதர் இனிமேல் இப்படியே இருந்துவிடுவாரோ என்று பாடம் நடத்தும்போதுகூட அதே நினைப்பு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மீரான் ராவுத்தர் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பஸ் நிற்கும் இடத்தில் பீடி, சோப்பு, ஸ்லேட்டுக் குச்சி எல்லாம் விற்கிற கடை. பத்திரிகை ஏஜென்ட்டும் அவர்தான். வியாழக்கிழமை காலை கோயமுத்தூர் பஸ்ஸில் தமிழ் வாரப் பத்திரிகைகள் வரும். மத்தியானம் பாலக்காட்டு பஸ்ஸில் வாரிகை, அதாவது மலையாள வாரப் பத்திரிகை வரும். கடை வாசலில் இரண்டு கயிறு. ஒன்றில் தமிழ், ஒன்றில் மலையாளம். இந்தக் கயிற்றுக்காரர் அந்தக் கயிற்றைத் தொடமாட்டார். அந்தக் கயிற்றுக்காரர் இந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

எங்கள் வீடும் அப்படித்தான். நான் பொள்ளாச்சிக்காரி. தமிழ் டிவிஷன் டீச்சர். மலையாளத்தில் பஸ் போர்டைத் தாண்டி ஒரு வரி படிக்கத் தெரியாது. அவர் இங்கேயே பிறந்து மலையாள மீடியத்தில் படித்தவர். பேசுவது தமிழ், கையெழுத்துப் போடுவது மலையாளத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், எழுத வராது. என் பத்திரிகை சமையலறை அலமாரியில். அவர் வாரிகை ரேடியோவின் மேல்.

என் பத்திரிகையில், அதாவது இதே பத்திரிகையில், பின்பக்கச் சிரிப்புப் படத்தில் வருகிற கண்ணாடி கனகத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெரிய கண்ணாடி, அந்தக் குடை, படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அவள் பேசுகிற பேச்சு! அவருடைய வாரிகையில் குஞ்ஞப்பன் என்று ஒருவன் வருவான். முண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கே இடம் கிடைத்தாலும் தூங்குவான். இத்தனை வருஷத்தில் அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை கடைக்குப் போகிறேன்... சுவரில் கஞ்சிப் பசை போட்டு ஒரு படம் ஒட்டியிருக்கிறது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீல மசியால் வரைந்த படம். கனகமும் குஞ்ஞப்பனும் ஒரே குடைக்குள் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்!

நம் கனகம் அந்தக் கயிற்றுக்கு எப்படிப் போனாள்? அவன் இந்தக் கயிற்றுக்கு எப்படி வந்தான்?

யார் வரைந்தது என்று ராவுத்தரைக் கேட்டேன். பத்திரிகைக் கட்டுக்கு மேல் மடித்து வைத்திருந்தது, தனக்குத் தெரியாது என்றார். ராவுத்தர் பொய் சொன்னால் காதைச் சொறிவார். சொறிந்தார்.

கடையில் ஒரே பஞ்சாயத்து. பழனிச்சாமி அண்ணன் என்று ஒருவர், கனகத்தின் பரம ரசிகர். அவருக்கு மனசே ஆறவில்லை. நம்ம கனகத்தைக் கொண்டுபோய் அந்தத் தூங்குமூஞ்சியோடு எதற்குச் சேர்க்க வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். மலையாளக் கயிற்றுக்காரர்களோ, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவனைப் போய் அந்தப் பொம்பளையிடம் மாட்டிவிட்டார்களே என்று குஞ்ஞப்பனுக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஆனால் அன்றுதான் முதல் தடவையாக இரண்டு கூட்டமும் ஒரே சுவரைப் பார்த்து நின்றது.

இன்னொரு விசேஷம். கனகத்தின் வாய்க்கு மேலே பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. பேச்சு எழுதுகிற வட்டம். உள்ளே ஒன்றுமில்லை. கனகம் பேசாமல் இருப்பதாவது? எழுத மறந்துவிட்டார்களாட்டம் இருக்கிறது என்றார் பழனிச்சாமி அண்ணன்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டாவது படம். தடையை மீறி யாராவது தமிழ்நாட்டு அரிசி கொண்டுவருகிறார்களா என்று செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். கனகம் குடைக்குள் அரிசியைக் கொட்டிச் சுருட்டி வைத்திருக்கிறாள். குஞ்ஞப்பன் அந்தக் குடைக்கு முட்டுக்கொடுத்துத் தூங்குகிறான். கோயமுத்தூரிலிருந்து நாலு படி அரிசி கொண்டுவர நாங்கள் படும் பாட்டை இதைவிட யார் வரைய முடியும்? எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான். வீட்டில் சிரிப்பே இல்லாத நாளில் சுவரைப் பார்த்துச் சிரித்தேன். வட்டம் அன்றைக்கும் காலி.

ராவுத்தர் மட்டும் படத்துக்குக் கிட்டப் போய், மூக்கு ஒட்டுகிற மாதிரி பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரே, இதைப் பாருங்க. போன வாரம் வரைக்கும் குஞ்ஞப்பன் முண்டு வலத்தாலெதான் இருந்துது. இப்ப எடத்தாலெ வந்திருச்சு. ஆளு எங்க கூட்டத்துல சேந்துட்டாருங்க. நாளைக்கு வெள்ளிக்கெழமை, தொழுகைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

எங்கள் பக்கம் இது கண்ணில் படாமல் போகாது. ராவுத்தர்மார் வேட்டித் தலைப்பை இடப்பக்கம் விட்டு உடுத்துவார்கள், மற்றவர்கள் வலப்பக்கம். வரைந்தவர், குஞ்ஞப்பனைக் கனகத்தின் பக்கம் முகம் பார்க்க வைப்பதற்காக வாரிகைப் படத்தின் மேல் எண்ணெய்த் தாளை வைத்து எடுத்த நகலைத் திருப்பிப் போட்டிருக்கிறார். முகம் திரும்பியது. கூடவே முண்டும் திரும்பிவிட்டது. ராவுத்தருக்கு அன்று முழுக்க ஒரே குஷி. வந்தவர் போனவரிடமெல்லாம் குஞ்ஞப்பன் தன் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு அப்புறம் வந்ததுதான் அந்தத் திங்கட்கிழமை. கண்ணாடி முன்னால் வேட்டி. கையில் பென்சில்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், வாய்க்காலைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். முண்டு எந்தப் பக்கம் வரும் என்று தன்னையே வைத்துப் பார்த்திருக்கிறார் மனிதர். கண்ணாடியோ அதையும் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறது! பேசுகிறவள் வட்டம் ஏன் காலி என்றும் புரிந்தது. அவருக்குத்தான் தமிழ் எழுத வராதே.

ஒரே பத்திரிகையில் பிறந்தவர்களை அந்தப் பத்திரிகை ஓவியரே சேர்த்துவைத்துவிடுவார். இரண்டு பத்திரிகையில் பிறந்தவர்களை யார் சேர்ப்பது? யாராவது ஒரு ரசிகன் குந்தி உட்கார்ந்து, இரண்டையும் எதிரெதிரே வைத்து, எண்ணெய்த் தாளோடு மல்லுக்கட்டினால்தான் உண்டு. என்னோடு பேசமாட்டேன் என்றவர், எனக்குத் தெரியாமல் இந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று முதல் பீரியடுக்குப் பத்து நிமிஷம் லேட்.

வீட்டில் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் அதையும் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

வியாழக்கிழமை மூன்றாவது படம். கனகம் பேச வாயைத் திறக்கிறாள். குஞ்ஞப்பன் விழித்துக்கொண்டு அவளையே பார்க்கிறான். முண்டு வலப்பக்கம், சரியாக. ராவுத்தருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். கனகத்தின் வட்டம் வழக்கம்போலக் காலி.

ராவுத்தரிடம் பேனாவை வாங்கினேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஊருக்கு முன்னால் செய்த தப்பை வீட்டுக்குள் முணுமுணுத்துத் தீர்க்க முடியுமா? கூட்டிப் படிக்கிறவருக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில், அந்த வட்டத்துக்குள் எழுதினேன்.

"தப்பு என்னுதுதானுங்க. இனிமே உங்களைக் கேக்காம உங்களைப் பத்தி ஒரு வரி எழுதமாட்டேன்."

கனகம் மன்னிப்புக் கேட்பதாவது என்று பழனிச்சாமி அண்ணன் கொதித்தார். குஞ்ஞப்பன் கூட்டம் கை தட்டியது. ராவுத்தர் மட்டும் காதைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

அந்த வாரமும் வீட்டில் பேச்சு இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு... இட்லி விஷயம் இன்னும் சுவரிடம்தான். படித்தாரா இல்லையா? படித்தும் மனசு இறங்கவில்லையா? ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வியாழக்கிழமை கடைக்குப் போனேன். சுவரில் புதுப்படம் இல்லை. மனசு விட்டுப்போய், பத்திரிகையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். ராவுத்தர் என்னைக் கூப்பிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். இதைச் சுவரில் ஒட்ட வேண்டாமென்று தோன்றியது என்றார்.

பிரித்தேன். இத்தனை வருஷம் ஊமையாக இருந்த குஞ்ஞப்பனின் வாய்க்கு மேலே ஒரு வட்டம். அதற்குள் குண்டு குண்டாக மலையாள எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. எங்களுக்குள் நடக்கிற சங்கதியை மூன்றாம் மனிதரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதா? வேறு வழி? தாளை ராவுத்தரிடமே நீட்டினேன். அவர் கடைக்குள் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் படித்தார். எழுத்துதான் மலையாளம், பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு.

"நான் சந்தைல அழுகலே. ஊட்டுக்கு வந்து, வெறும் கட்டுத்தறியப் பாத்துத்தான் அழுதேன். நீ எழுதறதுன்னா எழுது. ஆனா செரியா எழுது."

ராவுத்தர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

உங்களிடம் மறைப்பானேன்? அன்று நான் சந்தைக்கே போகவில்லை. அவர் சிவந்த கண்ணோடு வீட்டுக்குள் வந்ததைத்தான் பார்த்தேன். மிச்சத்தை நானே ஜோடித்துக்கொண்டேன். சந்தை, கூட்டம், துண்டு... படிக்க நன்றாக இருக்குமே என்று. ஊர் சிரித்ததுகூட அவருக்குப் பெரிதாக இல்லை. தன் துக்கத்தை இடம் மாற்றிவைத்துவிட்டேன் என்பதுதான் வலித்திருக்கிறது.

வீட்டுக்குப் போனபோது எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஏனுங்க, திருத்தி எழுதிப் போடட்டுங்களா?" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "போடு" என்றார். சுவரிடம் இல்லை, எருமையிடம் இல்லை. என்னிடம்.

ஆகவே வாசகர்களே, அந்த இதழை எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் அழுதது சந்தையில் அல்ல. எங்கள் வீட்டுக் கட்டுத்தறியில், தனியாக.

அப்போது நான் இருபது அடி தள்ளி, உள்ளே உட்கார்ந்து, இந்த வாரம் உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.