காதால் படித்த இருதயம்

அறிவியல் பாடம் எடுத்த அந்த அம்மாவின் குரலை எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். அவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே தொண்டையைச் செருமுவார் என்பதுகூட எனக்கு அத்துப்படி. முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் அவரிடம்தான் படித்தேன்.

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்காகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் அடிப்படைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். தமிழ், ஆங்கிலம், அறிவியல் எல்லாமே வீடியோப் பாடங்களாக இணையத்தில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் சொன்னார்கள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு டவர் கிடையாது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்றால் போன் பேசலாம். வீடியோவைத் தொட்டால் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். நான் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன், மாடு போய்ச் சாமைக் கொல்லையில் மேயும்.

ஆலங்காயத்தில் இருக்கும் செல்போன் கடைக்காரர்தான் வழி சொன்னார். "உன் போன்ல எங்கம்மா எடம் கீது? வீடியோ போட்டா நாலு பாடத்துல ரொம்பிடும். ஆடியோவா மாத்திப் போட்டுத் தர்றேன். மூணு சப்ஜெக்ட்டும் மொத்தமா அடங்கிடும். இங்க எல்லாம் மலை ஆளுங்களுக்கு அப்பிடித்தான் போட்டுத் தர்றேன்." அவர் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்தில் பாட்டு, சாமி கதை, சினிமா வசனம் எதுவானாலும் காதுக்குத்தான் வரும். சினிமாவையே காதால் பார்க்கிற ஊர் இது.

பங்குனியில் புளி உடைக்க உட்கார்ந்தால் கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். காதில் மாட்டிக்கொண்டு கொட்டை எடுப்பேன். களை எடுக்கும்போதும் அப்படியே. தமிழும் ஆங்கிலமும் ஆனந்தமாக ஏறின. இரண்டு தாளிலும் முதல் தடவையே தேறிவிட்டேன். அறிவியல்தான் என் உயிரை எடுத்தது. "இங்கே பாருங்கள்" என்பார் அந்த அம்மா. எங்கே பார்ப்பது, புளியங்கொட்டையையா? "இந்த அம்புக்குறி எப்படிப் போகிறது, கவனியுங்கள்" என்பார். எந்த அம்பு, யார் விட்டது? எரிச்சலில் சில நாள் காதிலிருந்து பிடுங்கி எறிந்திருக்கிறேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

முதல் தடவை அறிவியலில் தோற்றதற்கும் அதுதான் காரணம். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்ன இடத்தை எல்லாம் வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தின் தொடர்பு மையத்தில் சொன்னார்கள். அதிலும் தவறினால் பதிவே ரத்தாகிவிடும், தேறிய மொழித் தாள்களும் செல்லாது.

படிப்பு ஆசை மட்டும் என்றால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி விடுதிக்கு ஓர் உதவியாளர் வேண்டியிருந்தது. இந்தப் படிப்பை முடித்துவிட்டால் என்னை எடுத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் நாங்கள் ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் குடகுக் காபித் தோட்டம்தான். என் கணவர் மழையை நம்பி ஒரு போகம் சாமை போடுகிறவர். அறுத்து முடித்துவிட்டால் மலையில் என்ன வேலை இருக்கிறது? ஒவ்வொரு மார்கழியிலும் மேஸ்திரி வேனைக் கொண்டுவந்து குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு போவார். நானும் அப்படிப் போனவள்தான். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா அம்மாவோடு போனேன். திரும்பி வந்தபோது என் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிப் பக்கமே போகவில்லை. இப்போது என் மகள் ஏழாவது படிக்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் விடுதியில் இடமில்லை, கணவரின் அண்ணன் குடும்பமும் அதே வேனில்தான் போகும். நான் தோற்றால் அவள் படிப்பு நின்றுவிடும். இதை நினைத்து நான் அழாத நாளில்லை.

இந்தத் தடவை எப்படியும் படம் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன். இருதயப் படம் கட்டாயம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆடியில் ஊர் அம்மனுக்கு ஆடு வெட்டினார்கள். சாமி ஆட்டுக் கறியை வீட்டுக்கு ஒரு கூறாக இலையில் போட்டுப் பிரிப்பது எங்கள் வழக்கம். ஈரல், இருதயம், குடல் எதுவானாலும் எல்லாக் கூறிலும் ஒரு துண்டாவது விழவேண்டும். ஒரு வீட்டுக்கு விட்டுப்போனால் அடுத்த ஆடி வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். அங்கே போய் நான் முழு இருதயம் வேண்டும் என்று கேட்டேன்.

கறி வெட்டிக்கொண்டிருந்த என் கணவரின் அண்ணன் கத்தியை நிறுத்தினார். "முழுசா எடுத்துனு போய் இன்னா பண்ணப் போற?"

"திங்கறதுக்கு இல்லீங்க மாமா. பாத்துட்டுக் குடுத்துட்றேன். பரீட்சைக்கு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆட்டுக்கு எதற்குப் பரீட்சை என்று ஒருத்தி கேட்டாள். கடைசியில், மற்றக் கறியெல்லாம் வெட்டி முடிக்கிற வரைக்கும் வைத்துக்கொள் என்று கையில் போட்டார். சூடு ஆறவில்லை. வகிர்ந்து விரலை விட்டேன். ஒரு பக்கச் சுவர் மெல்லிசாக இருந்தது, இன்னொரு பக்கம் கெட்டியாக. 'உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் இடது கீழறையின் சுவர் தடிமனானது' என்று அந்த அம்மா சொன்னது காதில் அப்படியே ஒலித்தது. கெட்டிப் பக்கம்தான் இடது. மேலே கிளம்புகிற பெரிய குழாய்தான் பெருந்தமனி. நான்கு அறைகளையும் விரலால் தொட்டேன். அத்தனை நாள் காதில் மட்டும் இருந்தது கைக்கு வந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், ஆனால் கூறு போட நேரமாகிறது என்று மாமா கையை நீட்டிவிட்டார்.

அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், என் உடம்பில் எப்படி இருக்குமோ அப்படியே நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தேன். கெட்டிப் பக்கம் என் இடது கைப் பக்கம். வீட்டுக்கு வந்து சுவரில் கரியால் வரைந்தேன். இடதை இடது பக்கத்திலும் வலதை வலது பக்கத்திலும் போட்டேன். தினமும் அழித்து வரைந்தேன். கண்ணை மூடிக்கொண்டுகூட வரைவேன். யாரிடமாவது புத்தகம் வாங்கிப் பார் என்று கணவர் சொன்னார். ஒரிஜினலையே பார்த்துவிட்டேன், நகல் எதற்கு என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

தேர்வு மார்கழியில், திருப்பத்தூரில். இருதயம் வந்தது. படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ரத்தம் போகும் வழியை அம்புக்குறியிட்டு விளக்குக என்று பெரிய கேள்வியாகவே வந்தது. இதை நம்பித்தான் மின்சாரம், ஒளி என்ற பாடங்களைக் கைவிட்டிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க வரைந்தேன். ஓர் இடத்தில்கூட அழிக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய வாணியம்பாடிப் பெண்ணும் வந்து நின்றாள். பர்தா போட்டிருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை என்று சொன்னாள். விடையைச் சரிபார்க்கிறேன் என்று போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டாள். குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா. எட்டிப் பார்த்தேன். அம்மா என்றா சொன்னேன், என்னைவிடச் சின்னப் பெண். "இங்கே பாருங்கள்" என்று குச்சியால் தொட்டாள். நானும் முதல் தடவையாகப் பார்த்தேன்.

இடது கீழறை என்று அவள் தொட்ட இடம் படத்தின் வலது பக்கத்தில் இருந்தது.

"இது மாத்தி கீதே" என்றேன்.

"எல்லாப் படமும் இப்டித்தான்க்கா இருக்கும்" என்றாள் வாணியம்பாடிப் பெண். "நமக்கு எதிர்ல ஒரு ஆளு நிக்கிறாங்கன்னு வெச்சிக்கோங்க. அவுங்க லெஃப்ட் நம்ம ரைட்டுக்குத்தானே வரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை அணைத்தாள். "ஏன்க்கா, நீங்க எப்டிப் போட்டீங்க?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் கறி ஏட்டுக்கு உதவாமல் போய்விட்டது. ஒரு பாகம் மட்டுமில்லை, அத்தனையும் தப்பு. ஒரு அம்பு விடாமல் தப்பு. திருத்துகிறவர் பார்த்த உடனே சிவப்பு மையில் ஒரே கோடாக இழுத்துவிடுவார். பஸ் மலை ஏறும்போது ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் எங்காவது நின்றுவிட்டால் நல்லது, வீட்டுக்குப் போகாமல் இருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

வீட்டில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் வேன் கிளம்புகிறது, வருகிறோமா இல்லையா என்று அவருக்கு அப்போதே தெரியவேண்டும். தேர்வு முடிவு வர இரண்டு மாதமாவது ஆகும். நான் நல்லபடியாக எழுதியிருந்தால் மலையிலேயே இருந்து காத்திருப்பது, இல்லையென்றால் போவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். மகள் கதவோரம் நின்றாள். அவளைப் பார்க்காமல் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

கணவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நெஞ்சில் கையை வைத்தார்.

"இருதயம் எந்தப் பக்கம் கீது?"

"இடது பக்கம்."

"நீ எந்தப் பக்கம் போட்ட?"

"இடது பக்கம்தான். ஆனா..."

"அப்பறம் இன்னா தப்பு?"

எதிரில் நிற்கிற ஆளைப் பற்றி விளக்கினேன். படம் என்றால் அப்படித்தான் போடுவார்கள் என்றேன். அவருக்கு ஏறவே இல்லை. "எதிர்ல நிக்கிறவனோட இருதயத்தை இன்னாத்துக்குப் போடணும்? உன்னைத்தானே கேட்டாங்க. உன் இருதயத்தைப் போட்ட." மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரியும் தன் சட்டைமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கரெக்டாத்தாம்மா போட்டுக்கீற" என்றார்.

"திருத்தறவங்க அப்படிப் பாக்கமாட்டாங்க" என்றேன். "நான் சொல்றதக் கேளுங்க. தோத்துடுவேன்."

"படிச்சவங்கதானே திருத்தறாங்க? இடது வலது தெரியாதா அவங்களுக்கு?" என்றவர், மேஸ்திரியிடம் திரும்பி, "நாங்க வர்லீங்க, வேற ஆளு பாத்துக்குங்க" என்றார். நான் பார்க்க அவர் யாரிடமும் அத்தனை உறுதியாகப் பேசியதில்லை. தோட்டமே தேவலை, வருகிறோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவோரம் மகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் எங்களுக்கு வைத்திருந்த இடத்தில் வேறு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வேன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. உள்ளே என் மகளோடு படிக்கிற பெண் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் மகள் சீருடையில் நின்று அவளுக்குக் கையாட்டினாள். முடிவு இன்னும் வரவில்லை.