அணியத்தில் அடித்த மணி

உயிரோடு இருக்கிற மனைவிக்குத் துக்கமணி அடிப்பித்து முந்நூறு பேரை வாசலில் அழவைத்த மனிதர் இந்தத் தீவுப்பகுதியில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எனக்கு அடுத்த வளவுக்காரர். முந்நூறு என்பது கொஞ்சம் கூடத்தான், முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முப்பது பேரும் அழுத அழுகை முந்நூறு பேருக்குக் காணும். அதனால் நான் சொன்னது முழுப்பொய் ஆகாது.

பெயர் சில்வெஸ்ரர். ஊர்காவற்றுறையில் எங்கள் ஒழுங்கைக்குள் வருகிறவர்களுக்கு அவரை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆளுக்கு முன்னால் குரல் வந்துவிடும். வாலிபத்திலிருந்து வள்ளத்து எஞ்சினோடு போட்டிபோட்டுக் கத்திய தொண்டை அது. அவர் தன் குசினியில் உப்பு எங்கே என்று கேட்டால் நான் என் குசினியில் உப்புப் போத்தலைக் கையில் எடுத்துவிடுவேன்.

கடலை விட்டு இப்போது இரண்டு வருடமாகிறது. வயதால் விட்டவரல்ல. அவருடைய மனைவி செபஸ்தியம்மா கிணற்றடிப் பாசியில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்து கொண்டுவந்து கட்டிலில் விட்ட அன்றே சில்வெஸ்ரர் வள்ளத்தைத் தமையன் மகனிடம் கொடுத்துவிட்டு உலைமூடியைக் கையில் எடுத்தார். சமையல் மோசமில்லை. மீன் வாங்குவதுதான் அவருக்கு ஏலாத காரியம். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது முந்தநாள் செத்தது, தம்பி. இதுக்கு நீ அழுதனியோ?" என்று கேட்பார். விற்கிறவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவான். வெறும் பையோடு வந்து பருப்புக் கறி வைப்பார்.

செபஸ்தியம்மாவை அந்த வீட்டின் கடைசி அறையில் கிடத்தியிருந்தார்கள். குளியலறை ஒட்டியிருப்பது அந்த அறையோடுதான். வசதி என்னவோ சரி. ஆனால் அவள் விழுவதற்கு முன்னால் முழுநாளும் முன் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, ஒழுங்கையால் போகிற ஒவ்வொருவரையும் மறித்துக் கதை கேட்டு அனுப்புகிறவள். கோயில் மணி கேட்டால் சிலுவை போட்டுக்கொண்டு கதையைத் தொடருவாள். பின்னறைக்கு ஒழுங்கையும் வராது, மணியும் வராது. சோழகக் காற்று தொடங்கினால் மணியோசையை அப்படியே அள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஆட்களும் வரக் குறைந்தார்கள். தொடக்கத்தில் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள்தான். ஒரு வீட்டின் முன்கூடம், சாமியறை, குசினி எல்லாம் தாண்டிப் போய்ப் படுத்திருக்கிற ஆளைப் பார்க்க எங்கள் சனத்துக்குக் கூச்சம். விறாந்தையில் நின்று, "அக்கா எப்படி?" என்று கேட்பார்கள். "இருக்கிறா" என்று சில்வெஸ்ரர் கத்துவார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

இதையெல்லாம் கொழும்பில் இருந்தபடியே கண்டுபிடித்தவள் மகள் ஜெனீற்றா. கொட்டாஞ்சேனையில் மாடிவீடு, லிப்ற் இருக்கிறது, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. "மாசக் கடைசியிலை வான் பிடிச்சு வாறன். அம்மாவை இஞ்சை கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப நான்?" என்று சில்வெஸ்ரர் கேட்டார்.

"நீங்களும் வாங்கோ."

"அங்கை கடல் எந்தப் பக்கம்?"

"அப்பா, கடலைப் பாத்தோ அம்மா இருக்கிறா? அந்த அறையிலை முகட்டைப் பாத்துக்கொண்டு தனியக் கிடக்கிறா."

அந்தச் சொல் அவரை வெட்டிவிட்டது. என்னிடம் வேலியால் வந்து சொன்னபோது முதல் தடவையாக அவருடைய குரல் தாழ்ந்திருந்ததைக் கேட்டேன். "அவ இந்த வீட்டை விட்டுப் போனா திரும்பி வரமாட்டா, ரீச்சர். எனக்குத் தெரியும்."

கனடாவில் இருக்கிற மகன் மிரோஜன் தமக்கையோடு சண்டைக்குப் போகாமல் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே தேங்காய்ப் பாதியளவில் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள். செபஸ்தியம்மாவின் அறை ரிவியில் செருகுகிற ஒரு குச்சி. முன் விறாந்தைக்கு மட்டும் புதிது தேவைப்படவில்லை. மிரோஜன் தன் கலியாணத்துக்கு வாங்கி விட்டுப்போன பெரிய ஸ்பீக்கர் பெட்டி, ஆறு வீட்டுக்குக் கேட்கிறது, அங்கே ஏற்கனவே நின்றது. எல்லாவற்றையும் வைஃபையில் தொடுத்து, கனடாவில் இருந்தே வீடியோவில் சொல்லிக்கொடுத்தான். இனி அப்பாவின் போனில் அறைகளின் பெயர்கள் வரும். எந்த அறையைத் தொடுகிறாரோ அந்த அறையில் பாட்டோ பூசையோ படமோ போகும்.

பெயரை நீங்களே வையுங்கள் என்றான் மகன். அங்கேதான் சில்வெஸ்ரர் தன் வேலையைக் காட்டினார். முன் விறாந்தைக்கு "அணியம்" என்று வைத்தார். அது வள்ளத்தின் முன்பக்கம். முன்கூடம் "நடு". குசினி குசினிதான். பின்னறைக்கு "கடையார்". அது வள்ளத்தின் பின்பக்கம்.

செபஸ்தியம்மா கொதித்தெழுந்தாள். எழும்ப ஏலாதவள் கொதிக்க மட்டும் செய்தாள். "பாத்தீரோ ரீச்சர், கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து இந்த மனிசன் என்னைக் கடைசியிலை தான் வைச்சிருக்கிறார்."

"விசர்க் கதை கதையாதையும்" என்றார் அவர். "சுக்கான் எங்கை இருக்கு? கடையாரிலை. அதிலை இருக்கிற ஆள் திருப்பிற பக்கம்தான் வள்ளம் போகும்."

அவள் மூக்கைச் சுருக்கியதோடு சரி.

அதன் பிறகு அந்த வீடு ஒரு வானொலி நிலையமாகிவிட்டது. விடியற்காலைப் பூசை கடையாருக்குப் போகும். மீன்பிடிக் காலநிலை அறிவித்தல் குசினிக்கு வரும், கடலுக்குப் போகாத மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டுவார். மத்தியானம் அவளுக்கு நாடகம் ரிவிக்குப் போகும். குசினியில் நின்று போனுக்குள் கதைத்தால் பின்னறை ஸ்பீக்கரில் கேட்கிற வசதியும் இருந்தது. "செபஸ்தி, புளி காணுமோ?" என்று அதற்குள் கத்துவார். அந்த வசதி அவருக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது இல்லாமலே நெடுந்தீவுக்குக் கேட்கும்.

ஆனால் ஜெனீற்றா அசையவில்லை. "பாட்டுப் போட்டால் அது ஆளாகுமோ, அப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கிழமைதான் செபஸ்தியம்மா மணி கேட்க ஆசை என்றாள். அவர் உடனே சைக்கிளை எடுத்தார். மத்தியான மணி அடிக்கிற நேரம் கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்று ஒலிப்பதிவு செய்து வந்தார். மூன்று மூன்றாக அடித்து, கடைசியில் விடாமல் அடிக்கிற மணி. கடையாருக்கு அனுப்பினார். அவள் கேட்டாள். "ம்" என்றாள். அவருக்கு அந்த "ம்" போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பின்னேரம். சோழகம் பனைகளைப் பிடித்து உலுப்புகிறது. ஒழுங்கை நித்திரை. திடீரென்று மணி கேட்டது. டாங். ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. நான் எழுந்து உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து மறுபடி ஒன்று, டாங்.

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. விட்டு விட்டு ஒற்றை ஒற்றையாக விழுகிற மணி துக்கமணி. நான் சைவக்காரி, ஆனாலும் வாழ்நாள் முழுவதும் அந்த மணியைக் கேட்டு ரேடியோவை நிறுத்தியவள். யார் வீடு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இந்த ஒழுங்கையில் படுக்கையில் கிடக்கிற ஆள் ஒருவர்தானே.

நடந்தது என்னவென்றால், சில்வெஸ்ரர் அண்ணையின் பெருவிரல் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல். "கடையார்" என்று தொடப் போய் "அணியம்" என்பதைத் தொட்டுவிட்டார். விறாந்தைக்கு வைஃபை சரியாக எட்டாது. அதனால் மணி ஒரு அடி அடித்துத் திக்கி நிற்கும், மூச்சு வாங்கும், பிறகு இன்னொரு அடி. கலியாணத்துக்குப் பாடிய பெட்டி, செத்தவீட்டுக்கு மணி அடித்தது. என் கிணற்றுத் தண்ணீர் வளையம் போட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம்.

நான் படலையைத் தாண்டும்போதே கிறேஸ் வந்துவிட்டாள். சில்வெஸ்ரருடைய தங்கை, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். தலைமயிரை அவிழ்த்துவிட்டபடி வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"என்ரை மச்சாளே! சொல்லாமப் போனியளே! பிட்டவிக்க ஒரு கை தேங்காய்ப்பூ கேட்டா முழுத்தேங்காயையும் தந்த மச்சாளே! இனி நான் ஆரிட்டைப் போவன்!"

அவளுக்குப் பின்னால் பெண்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஒருத்தி கேத்திலில் தேத்தண்ணியே கொண்டுவந்துவிட்டாள். எங்கள் ஒழுங்கைப் பொடியன் அன்ரனிதாஸ் சனசமூக நிலையத்துக் கதிரைகளை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு தடதடவென்று வந்து இறங்கினான். சவப்பெட்டி தூக்குவதற்கென்று தோள் பலமுள்ள நாலைந்து பேர் கூடவே வந்தார்கள். எல்லோரும் விறாந்தையில், காற்றிலும் அழுகையிலும், முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஸ்பீக்கரைக் கவனிக்காமல்.

சில்வெஸ்ரர் வீட்டைச் சுற்றி ஓடி வந்தார். இடுப்பில் துவாய், காதிலே சவர்க்கார நுரை.

"என்ன? ஆர் செத்தது?" என்று கத்தினார்.

கிறேஸ் அவரைக் கட்டிப்பிடித்து, "அண்ணை, உங்களுக்கே தெரியாதோ!" என்று இன்னும் உரத்து அழுதாள்.

அந்த நேரம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "கிறேஸ்! அழுறது கிடக்கட்டும். என்ரை இடியப்ப உரல் உம்மடை வீட்டிலை கிடக்கு. அதைச் சொல்லி அழும்!"

அழுகை கத்தியால் வெட்டியதுபோல நின்றது. கிறேஸ் நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள்.

அப்போது சைக்கிளில் வந்து குதித்தார் இன்னாசித்தம்பி. கோயில் மணி அடிக்கிறவர், சாரத்தைச் சரியாகக்கூடக் கட்டவில்லை. "நான் சோறு திண்டிட்டுப் படுத்திருந்தனான்! ஆர் என்ரை மணியை அடிச்சது?"

டாங், என்றது பெட்டி.

முப்பது தலையும் ஒன்றாகத் திரும்பின. சில்வெஸ்ரர் பெட்டியைப் பார்த்தார். பின்னறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான். கைபிசகி அமத்திப்போட்டன். எல்லாரும் மன்னிக்கவேணும்" என்றார்.

அன்ரனிதாஸ் சிரிக்கத் தொடங்கினான். பிறகு ஒழுங்கையே சிரித்தது. வந்த கையோடு திரும்பிப் போகலாமோ? எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்கூடம், சாமியறை, குசினி எல்லாம் தாண்டி உள்ளே போனார்கள். செத்தவீடு என்று வந்த சனத்துக்குக் கூச்சம் எங்கேயிருந்து வரும்! அந்தப் பின்னறையில் நிற்க இடமில்லாமல் குசினிவரை வரிசை. செபஸ்தியம்மா ராணிபோலத் தலையணையில் சாய்ந்து, தனக்காகக் கொண்டுவந்த தேத்தண்ணியைத் தானே குடித்தாள்.

"அண்ணை, பெட்டி தூக்க வந்தனாங்கள், சும்மா போகலாமோ" என்றான் அன்ரனிதாஸ். "அக்காவைக் கட்டிலோடை முன்னுக்குத் தூக்கி வைப்பம்."

"குளியலறை?" என்றார் சில்வெஸ்ரர்.

"அதுக்குச் சில்லு வைச்ச கதிரை இருக்கண்ணை. தள்ளிக்கொண்டு போறது உங்களுக்கு ஏலாதோ?"

இரண்டு வருடமாக அவருக்கும் எனக்கும் தோன்றாத விஷயம். கட்டிலை நாலு மூலையிலும் பிடித்தார்கள். "மெல்ல, மெல்ல, உயிரோடை இருக்கிறன்" என்று அவள் கூவக் கூவக் கொண்டுவந்து, விறாந்தை யன்னலுக்கு நேரே முன்கூடத்தில் வைத்தார்கள்.

இதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் கொழும்புக்கும் சொல்லிவிட்டிருந்தார். போன் அடித்தது. வீடியோவில் ஜெனீற்றா, முகமெல்லாம் கண்ணீர். "அப்பா, அம்மா..."

சில்வெஸ்ரர் போனைத் திருப்பிக் காட்டினார். யன்னலோரம் கட்டில். கட்டிலைச் சுற்றிச் சனசமூக நிலையக் கதிரைகள். கிறேஸ் மூக்கைச் சீறிக்கொண்டு மச்சாளின் தலையை வாருகிறாள். இன்னாசித்தம்பி றஸ்க்கைத் தேத்தண்ணியில் தோய்க்கிறார். நடுவிலே தாய் யாருக்கோ கைநீட்டி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

ஜெனீற்றா முதலில் தகப்பனை ஏசினாள். நல்லாக ஏசினாள், நாங்கள் எல்லோரும் கேட்டோம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"அம்மா, நாளைக்கும் ஆக்கள் வருவினமோ?"

"வராம? ஒழுங்கையாலை போறவை என்னைத் தாண்டித்தானே போகவேணும்" என்றாள் செபஸ்தியம்மா.

"அப்ப வான் வேண்டாம்" என்றாள் மகள். "நான் பஸ்ஸிலை வாறன். ஒரு கிழமை நிண்டிட்டுப் போறன்."

சில்வெஸ்ரர் துவாயால் முகத்தைத் துடைத்தார். சவர்க்காரம் கண்ணுக்குள் போய்விட்டதாம்.

இவ்வளவையும் எழுதி, நேற்று அந்த முன்கூடத்தில் இருந்து இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். சில்வெஸ்ரர் அண்ணை தன்னைப்பற்றிய இடங்களில் எல்லாம் தலையாட்டினார். காய்த்த பெருவிரல் என்ற இடத்தில் விரலைத் தூக்கியே காட்டினார். செபஸ்தியம்மா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"ரீச்சர், நீர் படிச்ச ஆள்தானே. கிணத்தடியிலை சவர்க்காரத்தோடை நிண்ட மனிசன் எப்படிப் போனை அமத்துறது? போன் என்ரை தலைமாட்டிலை எல்லோ கிடந்தது."

நான் சில்வெஸ்ரரைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்தார்.

"காதுக்குள்ளை வைச்சு அடிச்சா அது மணியே? மணியெண்டால் தூரத்திலை இருந்து வரவேணும். அதுதான் அணியத்துக்கு அனுப்பினனான். கைபிசகேல்லை. கடையாரிலை இருந்தது நான். அப்பிடியே எழுதும்."