வாழைத் தோட்டத்துக்கு ஒரு ஜாமீன்

இன்று தென்காசி கூட்டுறவுச் சங்கத்தில், வாழைத் தோட்டம் போட எனக்குக் கடன் கிடைத்துவிட்டது. கிடைத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கொழும்புத் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். வடகரையில் தரிசாகக் கிடக்கும் எங்கள் நிலத்தில் முதன்முதலாக விவசாயம் செய்யப் போகிறேன் என்றதும், சொந்தக்காரர் ஒருவரும் ஜாமீன் கையெழுத்துப் போட முன்வரவில்லை.

"ஜாமீன் இல்லாம கடன் குடுக்க முடியாது தம்பி" என்று சங்கத்துக் காரியதரிசியும் கையை விரித்துவிட்டார்.

வாடிய முகத்தோடு எழுந்தேன். தன் கடனுக்கு வட்டி கட்ட வந்திருந்த பக்கத்து வயல்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி, "நான் போடுதேன்" என்றார்.

வரப்புத் தகராறில் எங்கள் அப்பாவோடு கடைசிவரை பேசாமல் இருந்தவர் அவர்.

"நீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"ஒம் மேல உள்ள பாசத்துல இல்லலே. ஒன் நெலம் பூரா புதர் மண்டிக் கெடக்கு. மலையில இருந்து வார பன்னியெல்லாம் அதுலதான் பதுங்கிக் கெடந்து என் மரச்சீனிக் கெழங்கைத் தோண்டுது. நீ வெட்டித் திருத்துனா நானும் பொழைப்பேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "காவலுக்கு ஆளுக்கு ஒரு ராத்திரி. இன்னைக்கு நீ."

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒதுங்கத் தோன்றாமல் நனைந்துகொண்டே நடந்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

தகரத்தைத் தட்டினால் பன்றி ஓடுமா, இல்லை நான்தான் ஓட வேண்டியிருக்குமா? அனுபவப்பட்டவர்கள் இருட்டுவதற்குள் சொல்லுங்கள்.