விமலநாதனின் ஏழாவது கேள்வி

விமலநாதன் தன் வாழ்நாளில் ஓர் ஊரையும் தானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. பிறந்த ஊர் பெற்றோருடைய தேர்வு. அங்கிருந்து புறப்படும் நாளை இராணுவம் தீர்மானித்தது. கிழக்கு பெர்லினில் விமானத்தை விட்டிறங்கி மேற்குப் பக்கம் வந்து சேர்ந்த பிறகு, எந்த நகரத்தில் காத்திருக்கவேண்டும் என்பதை ஓர் அலுவலகம் முடிவுசெய்து கடிதம் மூலம் அறிவித்தது. கடைசியில் டோர்ட்மண்டுக்கு வந்தது அங்கே ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் இருந்த காரணத்தால். அந்தத் தமையன் ஆறு மாதத்தில் கனடாவுக்குப் போய்விட்டார். விமலநாதன் முப்பத்தெட்டு வருடமாக அங்கேயே இருக்கிறார்.

ஆகவே மகளின் குடும்பம் அமெரிக்காவில் எந்த நகரத்தில் குடியேறுவது என்ற கேள்வி எழுந்தபோது, அனுபவசாலி என்ற முறையில் அவரே பொறுப்பேற்றுக்கொண்டார்.

மருமகன் லூக்காஸ் அசாரே மின்தூக்கி செய்யும் கம்பனி ஒன்றில் பொறியியலாளன். கம்பனி அவனை மூன்று வருடத்துக்கு அமெரிக்காவுக்கு அனுப்பத் தயாராக இருந்தது. கொலம்பஸ், சார்லட், அட்லாண்டா என்று மூன்று நகரங்களைச் சொல்லி, ஏப்ரல் மாத முடிவுக்குள் ஒன்றை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

லூக்காஸ் கறுப்பினத்தவன். தாயும் தகப்பனும் கானாவிலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்தது, படித்தது, பந்தடித்துக் கால் முறிந்தது எல்லாம் டோர்ட்மண்டில். நிலக்கரிச் சுரங்கக்காரர்களின் பேச்சு வாடை மாறாமல் ஜேர்மன் பேசுவான். அலுவலகங்களில் அவனைக் கண்டதும் ஆங்கிலத்தில் தொடங்குவார்கள். அவன் ஜேர்மனில் பதில் சொன்னதும், எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டுவார்கள். அதே அலுவலகங்களின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் விமலநாதனும் நின்றிருக்கிறார். அவருடைய ஜேர்மனை இதுவரை ஒருவரும் பாராட்டியதில்லை. காரணம் உண்டு.

ஆனால் படிவ ஜேர்மன் வேறு. அதில் விமலநாதனை மிஞ்ச ஆளில்லை. பாண் சுடும் வெதுப்பகத் தொழிற்சாலை ஒன்றில் பொதி செய்து ஓய்வுபெற்ற பிறகு, சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய சாப்பாட்டு மேசையில் ஊராருடைய விண்ணப்பங்கள் நிரம்பும். அவர் நிரப்பிய விண்ணப்பம், ஜேர்மனில் அன்ட்ராக், திரும்பி வந்த சரித்திரம் இல்லை என்பார்கள்.

கல்யாணம் நடந்து ஆறு வருடமாகிறது. மனைவி பாலாம்பிகை முதல் ஒரு மாதம் அழுதார். பிறகு மருமகன் நண்டுக் காலைப் பல்லால் உடைத்துச் சாப்பிடுகிற விதத்தைக் கண்டு கட்சி மாறிவிட்டார். விமலநாதன் அழவில்லை. வெளிநாட்டு உறவினர்களுக்கு, மகள் ஒரு ஜேர்மன்காரரைக் கட்டியிருக்கிறாள் என்று மட்டும் அறிவித்தார். அனுப்பிய கல்யாணப் படங்களில் மணப்பெண் இருந்தாள், மணவறை இருந்தது, கேக் மூன்று கோணங்களில் இருந்தது. மாமனையும் மருமகனையும் அருகருகே நிறுத்தி யார் அதிகம் கறுப்பு என்று கேட்டால் தீர்ப்புச் சொல்ல நல்ல வெளிச்சம் தேவைப்படும். ஆனால் விமலநாதன் தன்னை மாநிறம் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

இரண்டு நாள் உழைத்து ஒரு கேள்விப் படிவம் தயாரித்தார். காலநிலை, கோயில், எங்கட ஆக்கள், பள்ளிக்கூடம், வைத்தியம், வேலைக்குப் போகிற நேரம் என ஆறு கேள்விகள். மகள் சுலோஜனா அதைப் பார்த்துவிட்டு, ஒரு கறுப்பருக்கு அந்த ஊர் எப்படி என்று கேட்கவேண்டும், அதுதான் முதலாவது கேள்வி என்றாள். விமலநாதன் மறுக்கவில்லை. முக்கியமானது எந்தப் படிவத்திலும் கடைசியில்தான் வரும், கையெழுத்தைப் பார் என்று சொல்லி ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டார்.

கொலம்பஸ் ஒரே கோட்டில் அடிபட்டுப் போயிற்று. அங்கே பேசுவதற்கு எங்கட ஆக்கள் ஒருவரும் இல்லை. ஆளில்லாத ஊரில் என்ன விசாரிப்பது? எட்டு லட்சத்துக்கு மேல் சனம் இருக்கிறது என்று சுலோஜனா சொல்லிப் பார்த்தாள். அதைத்தான் நானும் சொல்கிறேன், ஒருவரும் இல்லை என்றார்.

சார்லட்டில் இளங்கீரன் இருந்தார், பள்ளித் தோழன் ஒருவனின் தம்பி. ஆறு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் தந்தார். ஏழாவது யாருக்காக என்று கேட்டார். விமலநாதன் ஒரு சிநேகிதனுக்காக என்றார். இளங்கீரன் தான் பதினான்கு வருடமாக அங்கே இருப்பதாகவும், இதுவரை ஒரு கறுப்பருடனும் பேசிப் பழகியதில்லை என்றும், ஆகவே ஒரு பிரச்சினையும் இல்லை என்றும் சொன்னார். ‘பிரச்சினை இல்லை’ என்று விமலநாதன் எழுதிக்கொண்டார்.

அட்லாண்டாவில் சிற்றம்பலம், பெரியம்மாவின் மகன். நகரத்துக்கு வெளியே, முக்கால் மணி நேரம் தள்ளி, புல்வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிற தெருவில் வீடு. சிநேகிதன் தாராளமாக வரலாம் என்றார் அவர்.

“நகரத்துக்குள்ளைதான் கறுவல்கள். இந்தத் தெருவிலை ஒருத்தரும் இல்லை, விமலன். பயப்பிடாமல் வரச் சொல்லு.”

இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது என்று விமலநாதனுக்குப் பட்டது. ‘மிக நல்லம். ஒருவரும் இல்லை’ என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுலோஜனா குடும்பத்தோடு வந்தாள். நாலு வயது கண்மணி பாட்டியிடம் ஓடிவிட, அவள் படிவத்தை நின்றபடியே வாசித்தாள். ஏழாவதில் வந்து நின்றாள்.

“கறுப்பர் ஒருத்தருக்கு அங்கை எப்பிடி எண்டு கேட்டதுக்கு, மிக நல்லம், ஒருவரும் இல்லை எண்டு எழுதியிருக்கிறியள், அப்பா.”

“அவர் சொன்னதைத்தான் எழுதினனான்.”

“அப்ப லூக்காஸ் அங்கை போனால்?”

விமலநாதன் யோசித்தார். “ஒராள் இருக்கும்” என்றார்.

யாருக்காக விசாரித்தீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டாள். சிநேகிதன் கதை வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து, லூக்காஸைப் பற்றி அங்கே உள்ளவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கதையும் வந்தது. ஜேர்மன்காரர் என்று சொன்னது பொய்யில்லையே என்றார். பாஸ்போர்ட்டும் சாட்சி. ஆறு வருடமாகத் தன் கல்யாணப் படத்தில் கேக் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பது சுலோஜனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் சத்தம் போடவில்லை.

“ஆரெண்டு சொல்ல ஏலாத ஆளுக்கு எப்பிடி அப்பா ஊர் பாக்கிறது?”

பிறகு இன்னும் தணிந்த குரலில், இனி அவர் யாரையும் கேட்கவேண்டாம், அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய ஆட்களின் வாசலை மிதிக்கப் போவதில்லை, ஒளித்து வைக்கிற வீட்டுக்கு இனித் தானும் அடிக்கடி வரப்போவதில்லை என்றாள். கண்மணியின் கால் சப்பாத்துகளைத் தேடத் தொடங்கினாள்.

லூக்காஸ் உள்ளே வந்து என்ன நடந்தது என்று கேட்டான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சுலோஜனா ஏழாவது பதிலை ஜேர்மனில் சொன்னாள். அவன் சிரித்தான், தேவைக்குச் சற்று அதிக நேரம் சிரித்தான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாமனிடம் ஜேர்மனில் நிதானமாகப் பேசினான். அவன் பேசியதன் சாரம் இது: அங்கே பொலிஸ் காரை மறித்தால் கையை எங்கே வைக்கவேண்டும் என்பது வரை எல்லாம் வாசித்திருக்கிறான். பயம் உண்டு. ஆனால் முப்பத்துநாலு வருடமாகப் பாண் வாங்கக் கடைக்குள் நுழைகிற ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார். கெட்ட பார்வை இல்லை, சும்மா பார்வை. ஒருவரும் நிமிராத கடை எப்படியிருக்கும் என்று ஒருதரம் பார்க்க ஆசை. பயப்படுவதென்றாலும் அங்கே கூட்டத்தோடு பயப்படலாம். இங்கே தனியாகப் பயப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே தனக்கு வேண்டியது மாமனின் ஆட்கள் சிபாரிசு செய்கிற தெருக்கள் அல்ல. போகவேண்டாம் என்று அவர்கள் சொல்கிற இடங்களின் பெயர்கள்தான் வேண்டும். ஓர் இடத்துக்கு இருபது வருடம் பயந்தவருக்கு அதன் சந்தி முதற்கொண்டு தெரிந்திருக்கும்.

விமலநாதன் அதுவரை மருமகனை இவ்வளவு நேரம் பேசவிட்டதில்லை. படிவத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தார். தொலைபேசியை எடுத்துச் சிற்றம்பலத்தை அழைத்து, எல்லோருக்கும் கேட்கிற பொத்தானை அமத்தினார். சுலோஜனா ஒரு சப்பாத்தோடு வாசலில் நின்றாள்.

“அண்ணை, அண்டைக்குக் கேட்டது சிநேகிதனுக்கில்லை. என்ர மருமகனுக்கு.”

“அவர் ஜேர்மன்காரர் எல்லோ?”

“ஓம். கறுப்பு ஜேர்மன்காரர்.”

அட்லாண்டாவில் பிரஷர் குக்கர் ஒன்று இரண்டு விசில் அடித்தது. அதை நிறுத்த ஒருவரும் போனதாகத் தெரியவில்லை.

“நல்ல கறுப்போ, இல்லாட்டி எங்களைப் போலையோ?” என்றார் சிற்றம்பலம்.

“உங்களைவிடக் கொஞ்சம் வெள்ளை, அண்ணை.”

இதற்குப் பிறகு சிற்றம்பலத்தின் தெரு வேகமாகத் திருந்தியது. அங்கே எல்லோரும் தங்கமான மனிதர்கள் என்றார். யாரும் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை, மூன்றாம் வீடு விலைக்குக்கூட வந்திருக்கிறது என்றார். விமலநாதன் எல்லாவற்றையும் கேட்டார், ஒன்றையும் எழுதவில்லை.

“வீடு வேண்டாம் அண்ணை. போகவேண்டாம் எண்டு சொல்லுவியளே, அந்த இடங்களின்ர பேரைச் சொல்லுங்கோ.”

சிற்றம்பலம் தயங்கினார், ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதவர். ஒன்பது பெயர்கள் வந்தன, எந்தப் பாலத்துக்குக் கீழால் திரும்பக்கூடாது என்பது உட்பட. விமலநாதன் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். கடைசியில், இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று சிற்றம்பலம் கேட்டார். அவருடைய குரலில் உண்மையான மனக்குறை இருந்தது.

“அப்ப ஒரு வெக்கம், அண்ணை. இப்ப வேறை வெக்கம்.”

சுலோஜனா சப்பாத்தைக் கீழே வைத்தாள். இராச் சாப்பாட்டுக்கு நின்றார்கள்.

ஈஸ்டர் விடுமுறையில் அவளும் லூக்காஸும் பத்து நாள் பயணமாகப் போனார்கள். சார்லட்டில் இரண்டு நாள், மிச்சம் அட்லாண்டா. ஒன்பது பெயர்களில் இரண்டு இடங்களுக்கு உண்மையாகவே போகத் தேவையில்லைத்தான். சிற்றம்பலம் சொன்னதற்குரிய மரியாதையைக் கொடுத்து அங்கே காரைத் திருப்பினார்கள். நான்காவது பெயரில் மரங்கள் இருந்தன, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, மூலையில் ஒரு கடை. லூக்காஸ் உள்ளே போய்ப் பாண் வாங்கினான். அவனைப் பார்க்க ஒருவரும் நிமிரவில்லை. முதல் நாள் தனக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டான். நிமிர்ந்தவர்கள் சுலோஜனாவைத்தான் பார்த்தார்கள். தனக்கு அது பழக்கம்தான் என்றாள் அவள்.

அங்கே வாடகைக்கு இருந்த வீடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருடையது. கறுப்பினப் பெண்மணி, எழுபது வயதிருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஜேர்மனி என்றான் லூக்காஸ். சொல்லிவிட்டு, ஜேர்மனியில் எப்போதும் இதற்குப் பின்னால் வருகிற இரண்டாவது கேள்விக்காக, உண்மையில் எங்கிருந்து என்பதற்காக, வழக்கம்போலக் காத்து நின்றான். அது வரவில்லை. அந்தப் பெண்மணி முகத்தைச் சற்றுக் கடுமையாக்கிக்கொண்டு, ஜேர்மன்காரர்கள் சத்தம் பொறுக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். பின்வீதித் தேவாலயத்தில் ஞாயிறு காலை மேளம், பாட்டு எல்லாம் இருக்கும். முறைப்பாடு எழுதுவதில்லை என்றால் வீடு தரலாம். லூக்காஸ் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தான்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி கம்பனிக்கு அட்லாண்டா என்று எழுதிக் கொடுத்தான். அந்த ஞாயிறு மாமனார் வீட்டு மேசையில் இந்தக் கதையை முழுவதும் சொன்னான். தன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் தன்னை ஜேர்மன்காரன் என்று நம்பி, அதற்காகவே சந்தேகப்பட்டார் என்றான். பாலாம்பிகை அவன் தட்டில் இன்னொரு நண்டு வைத்தார். விமலநாதன் கதை முடியும்வரை குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, மகள் பக்கம் திரும்பினார்.

“அந்த மனுசிக்கு இப்பவே சொல்லி வை, பிள்ளை. இவர் எழுதுவார். போன வருசம் மேல்வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிச்சதுக்கு ரெண்டு பக்கம் எழுதினவர்.”